பட்டாவில் பெயர் இருந்ததால் தள்ளுபடியான அத்தையின் முதியோர் உதவித்தொகை மனு

ஒருவழியாக அத்தையின் கணக்கில் 1,200 ரூபாய் ஏறிவிட்டது. ஆனால் நடுவில் அவரை அலையவிட்ட விதத்தை நினைத்தால் இன்னும் ஆத்திரம்தான் வருகிறது.

ஈ-சேவை மையத்தில் விண்ணப்பித்ததெல்லாம் சுலபம். சிக்கல் கிராம நிர்வாக அலுவலர் விசாரணையில் வந்தது. தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டாவில் அப்பா, சித்தப்பா பெயர்களோடு அத்தை பெயரும் இருந்தது. மொத்த நிலத்துக்கும் அரசு வைத்த வழிகாட்டி மதிப்பை அத்தை தலையில் கட்டி, நிலையான சொத்து வரம்பான 1 லட்சத்துக்கு மேல் இருக்கிறது என்று எழுதிவிட்டார்கள். மனு தள்ளுபடி.

அத்தை தன் பாகத்துக்கு என்றோ விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். பாலித்தீன் தாளில் சுற்றி மஞ்சப்பையில் வைத்திருந்த பத்திரத்தை எடுத்து நீட்டினார். அலுவலகத்தில் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "பத்திரமெல்லாம் வேண்டாம்மா, சிட்டாவுல பேரு இருக்கு" என்றார் எழுத்தர். சிட்டா என்பது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவு. "அண்ணனுக்கு எழுதிக் குடுத்துட்டேன் சாமி" என்று அத்தை சொல்லிக்கொண்டே நின்றார். வயதானவருக்கு ஒரு நாற்காலிகூடப் போடவில்லை.

பழைய பத்திரங்களுக்குப் பட்டா தானாக மாறாது, நாம்தான் மனு போட வேண்டும். பத்திர நகலும் வில்லங்கச் சான்றும் வைத்துப் பட்டா மாறுதலுக்குக் கொடுத்தோம். பெயர் நீக்கம் மட்டும்தான், நிலத்தை அளந்து பிரிக்கும் உட்பிரிவு இல்லை என்பதால் சர்வேயருக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அத்தை பெயர் இல்லாத சிட்டாவைக் கையில் வாங்கிய பிறகே மறுபடி விண்ணப்பித்தோம். அவர் குடியிருப்பது அரசு கொடுத்த தொகுப்பு வீடு. அது சொத்துக் கணக்கில் சேராது. அதையும் யாராவது கிளப்புவார்கள் என்று ஒதுக்கீட்டு ஆணையின் நகலையும் சேர்த்தோம். இந்த முறை ஒரு கேள்வியும் வரவில்லை.

விண்ணப்பிக்கும் முன்பே இணையத்தில் சிட்டாவை எடுத்துப் பாருங்கள். செத்துப்போனவர் பெயரில் கிடக்கும் பட்டா, பாகம் பிரிக்காத நிலம் எதுவானாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

"வீட்டைப் பையன் பேருக்கு எழுதிட்டா பென்ஷன் வந்துரும்" என்று அலுவலக வாசலிலேயே சிலர் யோசனை சொல்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். மாதம் 1,200 ரூபாய்க்காகக் குடியிருக்கும் கூரையைக் கைமாற்றுவது பெரிய ஆபத்து. எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே போடச் சொல்லுங்கள். அது இருந்தால், பிள்ளை கைவிட்டாலும் 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க முடியும்.