கவிழ்த்து வைத்த புத்தகம்

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ஒருமுறை ஒன்றாம் வகுப்பு ஆங்கிலக் கதைப் புத்தகத்தைக் கொடுத்தேன். பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய எழுத்து, நடுவில் பூனைப் படம். எழுத்துக்கூட்டவே திணறுகிறானே, இதிலிருந்து ஆரம்பிப்போம் என்ற நல்லெண்ணம்தான். வாங்கினான். பக்கத்தில் இருந்தவன் பார்ப்பதற்குள் கவிழ்த்து மேசைமேல் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டான். மணி அடிக்கும்வரை அந்தக் கை நகரவில்லை.

அதே வகுப்பில் ஒரு பெண் மேசைக்குக் கீழே தடித்த ஆங்கில நாவலை ஒளித்து வைத்துப் படிப்பாள், கேள்வி கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டாள். இன்னொருவனுக்கு வெளிநாட்டில் படிக்க வேண்டும், அதற்கான தேர்வுதான் குறி. எதற்காக உனக்கு இங்கிலீஷ் என்று எல்லோரையும் துண்டுச்சீட்டில் தமிழிலேயே எழுதித் தரச் சொன்னேன். 'பாஸ் ஆனா போதும்' என்று பாதிப் பேர். ஒருவன், ஆன்லைன் கேமில் எதிராளி திட்டுவது புரிய வேண்டும் என்று எழுதியிருந்தான். கேலியாகத் தெரியலாம், ஆனால் அந்தக் கட்டிலேயே நேர்மையான சீட்டு அதுதான்.

முதலில் வகுப்பை மூன்றாகப் பிரித்து மூன்று பாடம் தயாரித்தேன். ராத்தூக்கம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரே வாரத்தில் பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 'நான் மக்கு குரூப் சார்' என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள், அத்தோடு அதை மூட்டை கட்டினேன்.

இப்போது பாடம் ஒன்றுதான், கைத்தாங்கல்தான் ஆளுக்கு ஆள் மாறும். ஆக்டோபஸுக்கு ஏன் மூன்று இதயம், அதன் ரத்தம் ஏன் நீலம் என்று ஒரு பக்கக் கட்டுரை எடுத்தேன். சங்கதி என்ன என்பதை முதலில் இரண்டு நிமிடம் தமிழில் சொல்லிவிட்டேன். (வகுப்பில் தாய்மொழியே வரக்கூடாது என்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு, அது இன்னொரு நாள்.) வெளிநாடு போகிறவனுக்கு, கட்டுரையின் சொற்களை அப்படியே எடுக்காமல் ஐம்பது வார்த்தையில் சுருக்கும் வேலை. நாவல்காரிக்கு, நான் வேண்டுமென்றே வெட்டி எடுத்த பத்தி ஒன்றைத் தானாக ஊகித்து எழுதும் வேலை. பூனைப் புத்தகப் பையனுக்கும் அதே தாள்தான், ஆனால் நீள வாக்கியங்களை மூச்சு விடும் இடங்களில் உடைத்து, ஓரத்தில் எட்டுச் சொல்லுக்கு அர்த்தம் போட்டது.

அவன் ஒரு சொல்லில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். அப்புறம் கேட்டான்: 'சார், காப்பர்னா மோட்டார் காயில்ல சுத்துவாங்களே, அந்தக் கம்பியா? அதுவா ரத்தத்துல இருக்கு?' அதேதான். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருளில் நமக்கு இரும்பு, அதற்குத் தாமிரம்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. காயில், செயின், பிரேக், ஸ்விட்ச், பெல்ட் என்று அவன் வாயில் ஏற்கெனவே ஏகப்பட்ட ஆங்கிலம் இருக்கிறது, காதால் வந்தது, எழுத்தில் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியாது. அவனுக்குப் புதுச் சொல் சொல்லித்தர நான் ஏன் பூனையைத் தேடிப் போனேன்? தெரிந்த சொற்களைச் சொல்லச் சொல்லி நோட்டில் எழுத வைத்தேன். காப்பரும் காயிலும் 'சி'யில் தொடங்குகின்றன, சென்டரும் 'சி'தான், எப்போது க, எப்போது ச? பின்னால் ஈ, ஐ, வொய் வந்தால் ச, மற்றபடி பெரும்பாலும் க. தமிழில் 'பம்பரம்' என்ற ஒரே சொல்லுக்குள் முதல் 'ப'வும் 'ம்'முக்குப் பின்னால் வரும் 'ப'வும் இரண்டு விதமாக ஒலிப்பதை யோசிக்காமலே படிக்கிறவனுக்கு இது பெரிய விஷயமே இல்லை. சில பிள்ளைகளுக்கு இதுவும் போதாது. எவ்வளவு படித்தாலும் எழுத்து நழுவிக்கொண்டே இருந்தால் அது சோம்பல் இல்லை, டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புச் சிக்கலாக இருக்கலாம், முறையாகப் பயிற்சி பெற்றவர் பார்க்க வேண்டும்.

வாய் திறக்காத பெண்ணுக்கு நான் செய்தது ஒன்றே ஒன்று, காத்திருந்தேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களிலேயே எழுதியிருக்கிறார்: கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடி அளவுதான், அதை 3 விநாடி ஆக்கினால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், மூன்று விநாடி வகுப்பில் ஒரு யுகம். அவளுக்கு ஐந்து தேவைப்பட்டது. நாலு வார்த்தை வந்தது, சரியாக வந்தது.

கடைசியில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள்தான் வருகிறது, அதுதான் எரிச்சல். பூனைப் புத்தகப் பையன் 11 மார்க்கிலிருந்து 23-க்கு வந்தான், மதிப்பெண் அட்டையில் இரண்டும் சிவப்பு மையில்தான்.

போன வாரம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். 'சார், ரேடியோல திருப்புற நாபுக்கு எதுக்கு முன்னாடி ஒரு கே?' ஒரு காலத்தில் அதையும் சேர்த்துத்தான் உச்சரித்தார்கள் என்றேன். 'இப்பதான் சொல்றதில்லையே, எடுத்துட வேண்டியதுதானே' என்றான். அவன் நோட்டில் இன்னும் கே இல்லாமல்தான் இருக்கிறது.