பீரோவுக்குப் பின்னால்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அது வடிந்துவிட்டது, சுவர் மட்டும் ஓதம் காத்தபடியே இருந்தது. பொங்கலுக்குச் சுத்தம் செய்யலாம் என்று பீரோவை நகர்த்தினால், பின்னால் புள்ளி புள்ளியாகக் கறுப்புப் பூஞ்சை, ஆள் உயரத்துக்கு. அந்த அறையில் படுக்கும் சின்னவளுக்கு இரண்டு வாரமாகத் தும்மலும் அரிப்பும். கொசுக்கடி என்று நாங்கள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம்!

அப்புறம் என் அறிவாளித்தனம். ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து, கையுறை இல்லாமல், ஜன்னலையும் சாத்திக்கொண்டு தேய்த்தேன். மறுநாள் இரண்டு கையும் சிவந்து, விரலிடுக்கெல்லாம் வெடிப்பு. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்குப் பூஞ்சை அலர்ஜி. உங்களுக்கு ப்ளீச் வேலை சார், ரெண்டும் வேற வேற" என்றார். நல்லவேளை, கூடவே பாத்ரூம் ஆசிட்டை ஊற்றவில்லை. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சே அடைத்துவிடும்.

ஈரம் போகாமல் பூஞ்சை போகாது என்கிறார் டாக்டர். பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் ஹவுஸ் ஓனர். பீரோ இப்போது சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நிற்கிறது, தினமும் இடித்துக்கொள்கிறேன்.