சிலிண்டரோட கீழ் பின்னை 14 சென்டிமீட்டர் இறக்கினேன், ரெண்டு டன் எழும்புச்சு

போன வாரம் நானே கட்டுன டிப்பர் ட்ரெய்லர்ல ரெண்டு டன் ஈர மண்ண ஏத்திட்டு பட்டன அழுத்தினேன், பாடி மெதுவா எழும்பி மண்ணு மொத்தமா சரிஞ்சு விழுந்துச்சு. அதுக்கு மூணு வாரம் முன்னாடி இதே அளவு மண்ணுக்கு இதே பம்ப், இதே சிலிண்டர், ஒரு விரல்கடை கூட தூக்கல. நடுவுல நான் மாத்துனது சிலிண்டரோட கீழ் பின், அதாவது அடி முனைய சேசிஸோட கோக்கற கம்பி, உக்கார்ற இடம் மட்டும்தான், 14 செ.மீ கீழ, 4 செ.மீ முன்னாடி, அவ்வளவுதான். சொந்தமா ஹைட்ராலிக் டிப்பர் ட்ரெய்லர் கட்டணும்னு ஆசை இருக்கறவங்க இரும்பு வெட்டறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கப் போட்டுப் பாக்கணும், அதுக்காகத்தான் இவ்வளவு விவரமா எழுதுறேன்.

முதல்ல அளவு. பாடி 3 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், பக்கப் பலகை 40 செ.மீ உயரம். தரைக்கு 4 மி.மீ தகடு, பக்கத்துக்கு 3 மி.மீ. ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு ஒரு மி.மீ கனத்துக்கு 7.85 கிலோ வரும், அந்தக் கணக்குல தரைத்தகடு மட்டும் 140 கிலோ, பக்கம் 85 கிலோ, கீழ ஓடுற சேனல் குறுக்குச் சட்டமெல்லாம் சேத்து பாடி 400 கிலோ கிட்ட வந்துடுச்சு. கீல் பாடியோட பின் ஓரத்துலேர்ந்து 20 செ.மீ உள்ள இருக்கு. லோடு சமமா பரவியிருந்தா எடையோட மையம் கீல்லேர்ந்து 1.3 மீட்டர் முன்னாடி நிக்கும்.

சிலிண்டர் பழசு, கழிச்சுப்போட்ட ஒரு மெஷின்லேர்ந்து கெடச்சது. 80 மி.மீ போர் (உள்விட்டம்), 600 மி.மீ ஸ்ட்ரோக் (ராடு வெளிய நீளற தூரம்), மூடின நிலைல கீழ் பின்னுலேர்ந்து மேல் பின் வரைக்கும் 85 செ.மீ. பிரிச்சுப் பாத்தா பிஸ்டன் சீல் கல்லு மாதிரி இறுகிப்போயிருந்துச்சு, ஆனா ராடுல குரோம் நல்லா இருந்துச்சு, நகத்த வச்சு ராடு முழுக்க இழுத்துப் பாத்தேன், எங்கயும் தட்டல. பழைய சிலிண்டர் வாங்கறவங்க இந்த ஒரு சோதனைய கட்டாயம் பண்ணுங்க, குரோம்ல பள்ளம் இருந்தா புது சீல் போட்டாலும் கொஞ்ச நாள்ல அறுத்துடும். சீல் போடும்போது அதோட உதடு பிரஷர் வர்ற பக்கம் பாத்து இருக்கணும், எண்ணெய் தடவி, ஓரத்துல இருக்கற கூர்மைய எல்லாம் எமரி பேப்பர் போட்டு மழுக்கிட்டு உள்ள தள்ளினேன். இது டபுள் ஆக்டிங், அதாவது ரெண்டு பக்கமும் ஆயில் அழுத்தத்துல வேலை செய்யற சிலிண்டர்தான், ஆனா எனக்கு இறங்கறதுக்கு பாடியோட எடையே போதும்ங்கறதால ராடு பக்க ஓட்டைல ஹோஸ் மாட்டாம காத்து மட்டும் போய் வர ஒரு பிரீதர் ஃபில்டர் போட்டு விட்டேன், வாய் கீழ பாத்த மாதிரி. மேல பாத்து வச்சா சேறும் தண்ணியும் உள்ள போயி ராடு துருப்பிடிக்கும்.

பவர் பேக் 12 வோல்ட், 2 கிலோவாட் மோட்டார், கியர் பம்ப், 8 லிட்டர் டேங்க், ரிலீஃப் வால்வ (அழுத்தம் எல்லை தாண்டினா ஆயில டேங்குக்கே திருப்பி விடற வால்வு) 150 பார் அழுத்தத்துல வச்சிருக்கேன். சிலிண்டர் முழுசா நீள 3 லிட்டர் ஆயில் வேணும், டேங்க் அதுக்கு மேல தாராளமா இருக்கணும், இல்லன்னா கடைசில பம்ப் காத்த இழுக்கும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். 80 மி.மீ போர்ல 150 பார் குடுத்தா சிலிண்டர் தள்ளற விசை 7.7 டன். இந்த நம்பரப் பாத்துட்டு ரெண்டு டன்னுக்கு இது ஏராளம்னு நெனைச்சுட்டேன். சிலிண்டரோட மேல் பின்ன கீல்லேர்ந்து ஒன்றரை மீட்டர் முன்னாடி பாடில வச்சேன், கீழ் பின்ன சேசிஸ்ல குறுக்குச் சட்டத்து மேலயே வச்சேன், ஏன்னா அப்படி வச்சா சிலிண்டர் சேசிஸ் ஒயரத்துக்குள்ளயே அடங்கிடும், பாக்க சுத்தமா இருக்கும், தரைல எதுவும் இடிக்காது. அப்படி வச்சப்ப சிலிண்டர் படுத்திருந்த சாய்வு 10 டிகிரி. பேப்பர்ல வரைஞ்சு பாத்தா முழு ஸ்ட்ரோக்ல பாடி 60 டிகிரி வரைக்கும் நிமிருது, அதப் பாத்து ரொம்ப சந்தோஷப்பட்டேன்.

வெறும் பாடி அழகா எழும்புச்சு, கேஜ்ல 40 பார் கிட்ட காட்டுச்சு. ஒரு டன் மண்ணு போட்டேன், 140 பாருக்குப் போயி தயங்கித் தயங்கி எழும்புச்சு. அப்பவே சந்தேகம் வந்திருக்கணும். அடுத்த நாள் ரெண்டு டன் ஏத்தினேன், பட்டன அழுத்தின உடனே மோட்டார் சத்தம் கனமாயிடுச்சு, ரிலீஃப் வால்வ் கீச்சுன்னு கத்துது, கேஜ் முள்ளு 150ல போயி நின்னுடுச்சு, பாடி அசையவே இல்ல. பக்கத்துல டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டிருந்த மச்சான் "நிறுத்துங்க நிறுத்துங்க, அடிச் சட்டம் முறுக்குது"ன்னு கத்தினார். குனிஞ்சு பாத்தா கீழ் பின் பிராக்கெட் வெல்டு பண்ணியிருந்த குறுக்குச் சட்டம் நெசமாவே பின்பக்கமா திருகியிருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டப்பதான் புரிஞ்சுது. சிலிண்டர் படுத்திருக்கும்போது அது குடுக்கற விசைல பெரும்பகுதி பாடிய முன்னாடி தள்ளத்தான் போகுது, மேல தூக்க வர்றது கொஞ்சம்தான். கீல்லேர்ந்து சிலிண்டரோட கோட்டுக்கு செங்குத்தா எவ்வளவு தூரம் இருக்கோ அதுதான் நெம்பற தூரம். 10 டிகிரில அது ஒன்றரை மீட்டர்ல ஆறுல ஒரு பங்கு சொச்சம்தான், 26 செ.மீ. பாடியும் மண்ணும் சேந்து 2400 கிலோ, அது 1.3 மீட்டர் தள்ளி உக்காந்திருக்கு. அப்ப தூக்க வேண்டிய விசை 12 டன்! என்கிட்ட இருந்தது 7.7. மண்ணு அசையாததுல ஆச்சரியமே இல்ல.

ரிலீஃப் வால்வ இன்னும் கொஞ்சம் இறுக்குனா என்னன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. அதுக்கு 234 பார் வேணும். என் பம்ப்போட வரம்பு 180 பார், சிலிண்டர் பழசு. அது பண்ணவே கூடாது, சொல்லப்போனா ரிலீஃப் வால்வ் அன்னைக்கு தன் வேலைய சரியா செஞ்சதாலதான் சட்டம் திருகினதோட போச்சு.

அதே 20 டிகிரின்னா நெம்பற தூரம் 51 செ.மீ, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, தேவைப்படற விசை 6.1 டன்னா குறைஞ்சுடும், 120 பார் போதும். அதுக்குக் குடுக்கற விலை முழு ஸ்ட்ரோக்ல சாய்வு 60லேர்ந்து 49 டிகிரிக்கு இறங்கறது. காய்ஞ்ச மணல் 34 டிகிரிக்கு மேலயே சரிய ஆரம்பிச்சுடும், ஈர மண்ணுக்கு 45க்கு மேல வேணும், 49 தாராளம். டிப்பர்ல கஷ்டமெல்லாம் முதல் ஒரு சாண் எழும்பற வரைக்கும்தான், மேல போகப் போக நெம்பற தூரம் தானா கூடிக்கிட்டே போகும், எடையும் கீல் பக்கம் நகந்து வரும். அதனால வரைபடம் போடும்போது கடைசிக் கோணத்த பாக்காதீங்க, ஆரம்பக் கோணத்த முதல்ல முடிவு பண்ணுங்க.

சரி, திருகின சட்டத்த கிரைண்டர் வச்சு அறுத்து எடுத்தேன், அதுக்கே ஒரு முழு நாள். புதுசா 10 மி.மீ தகட்டுல பின் கோக்கற ஓட்டையோட ரெண்டு காது வெட்டி, 20 டிகிரி வர்ற மாதிரி சேசிஸ்லேர்ந்து கீழ தொங்கற பிராக்கெட் பண்ணேன். இப்படி கீழ தொங்கவிட்டா இன்னொரு தொல்லை இருக்கு, சிலிண்டர் தள்ளற 6 டன்ல 5.7 டன் பிராக்கெட்ட பின்பக்கமாத்தான் தள்ளும், நீளமான காது சும்மா தொங்கினா சட்டத்த இன்னும் மோசமா முறுக்கிடும். அதனால காதோட அடிப்பக்கத்துலேர்ந்து பின்னாடி ரெண்டு பக்க மெயின் சேனலுக்கும் சாய்வா முட்டு குடுத்தேன். முதல் தடவை இந்த முட்டு இல்லாமதான் விட்டிருந்தேன். இன்னொண்ணு, அதே 5.7 டன் மேல பாடிய முன்னாடி தள்ளுதுல்ல, அதப் புடிச்சு நிறுத்தறது யாரு? கீல்தான். கீல் வெறுமனே பாடிய தாங்கத்தான்னு நெனைச்சு சின்ன பின் போடறவங்கள பாத்திருக்கேன். நான் 30 மி.மீ பின், ரெண்டு பக்கமும் காது இருக்கற மாதிரி, கிரீஸ் நிப்பிளோட போட்டிருக்கேன்.

கீல் புஷ், அதாவது பின் உள்ள சுத்தற குழாய், வெல்டு பண்ணும்போது ஒரு விஷயம். ரெண்டு பக்க புஷ்ஷையும் தனித்தனியா வச்சு அடிச்சா கண்டிப்பா நேர் மாறும், வெல்டு ஆறும்போது இழுக்கும். ஒரே நீளக் கம்பிய ரெண்டு புஷ்லயும் கோத்து, டேக் (சின்னப் பொட்டு வெல்டு) அடிச்சு, கம்பி கையால சுத்துதான்னு பாத்து, பெறகு மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா வெல்டு பண்ணேன். சேசிஸையும் மூலைமட்டம் சரியா வந்து, மூலைக்கு மூலை குறுக்கு அளவு ரெண்டும் ஒண்ணா வர்ற வரைக்கும் டேக்கோடவே நிறுத்தி வச்சிருந்தேன். வெல்டு பண்ற நேரமெல்லாம் சிலிண்டர் ராட ஈரத்துணி சுத்தி மூடி வச்சேன், ஒரு பொறி குரோம்ல ஒட்டினா போதும் சீல் போச்சு. எர்த் கிளாம்ப வெல்டு பண்ற இடத்துக்குப் பக்கத்துலயே மாட்டணும், கரண்ட் சிலிண்டர் வழியாவோ சக்கரத்து பேரிங் வழியாவோ போகக் கூடாது.

கரண்ட்னதும் கேபிள் ஞாபகம் வருது. மோட்டார் 150 ஆம்பியருக்கு மேல இழுக்கும். முதல்ல இழுக்கற வண்டியோட பேட்டரிலேர்ந்து 16 சதுர மி.மீ கேபிள்ல போக வர 10 மீட்டர் ஓட்டியிருந்தேன், கேபிள்லயே 1.6 வோல்ட் போயிடுச்சு, மோட்டார் திணறுச்சு, கேபிள் சூடாச்சு. இப்ப பேட்டரிய ட்ரெய்லர்லயே பம்ப் பக்கத்துல வச்சு 50 சதுர மி.மீ கேபிள் குட்டையா போட்டாச்சு, பேட்டரி முனைய ஒட்டியே ஒரு ஃபியூஸ். எர்த் போல்ட் வைக்கற இடத்துல பெயிண்ட பளபளன்னு சுரண்டிட்டுத்தான் இறுக்கினேன்.

ஆயில் ஊத்தினதும் முதல்ல வெறும் பாடிய நாலஞ்சு தடவ ஏத்தி இறக்கினேன், காத்து வெளிய போற வரைக்கும் பாடி ஒதறி ஒதறித்தான் ஏறும், டேங்க்ல நுரை அடங்கின பெறகு மறுபடி ஆயில் அளவு பாத்தேன். இறங்கறது ரொம்ப வேகமா இருந்துச்சு, ரிட்டர்ன் லைன்ல ஒரு ஃப்ளோ கண்ட்ரோல் போட்டதும் பூ மாதிரி உக்காருது. சிலிண்டர் வாய்லயே ஒரு ஹோஸ் பர்ஸ்ட் வால்வும் இருக்கு, ஹோஸ் வெடிச்சா ஆயில் திடீர்னு வேகமா ஓடும்போது அது அடைச்சுக்கும். கசிவு இருக்கான்னு பாக்க அட்டைத்துண்டு வச்சுத்தான் பாப்பேன், கைய வச்சுத் தடவவே கூடாது, ஊசி மாதிரி பீச்சற ஆயில் தோலுக்குள்ள போயிடும், வலி கம்மியா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

எழும்பின பாடிக்கு அடில போறதுக்கு முன்னாடி இரும்பு முட்டு குடுக்காம நான் தலைய நீட்டறதில்ல, வெறும் பாடி 400 கிலோ. கையோட ஒரு முட்டுக்கம்பிய சேசிஸ்லயே கீல் போட்டு நிரந்தரமா மாட்டிட்டேன், தூக்கி நிறுத்தினா பாடி சட்டத்துல இருக்கற பள்ளத்துல உக்காந்துக்கும். தனியா கெடந்தா தேடணும், தேடற சோம்பல்ல ஒரு நாள் விட்டுடுவோம்.

ஆக்ஸில் கீல்லேர்ந்து 95 செ.மீ முன்னாடி இருக்கு, லோடு படுத்திருக்கும்போது பத்துல ஒரு பங்கு எடை டிராபார் (இழுக்கற வண்டியோட மாட்டற முன் சட்டம்) மேல வருது, ஓட்டறதுக்கு அது சரி. ஆனா 45 டிகிரி வரைக்கும் மண்ணு சரியாம ஒட்டிக்கிட்டே வந்தா எடை ஆக்ஸிலத் தாண்டி பின்னாடி போயிடும், டிராபார் மேல எழும்பப் பாக்கும். அதனால வண்டில மாட்டாம டிப் பண்றதே இல்ல, தரையும் மட்டமா இருக்கணும், ஒரு பக்கம் மண்ணு விழுந்து மறு பக்கம் ஒட்டி நின்னா அப்படியே பக்கவாட்டுல சாஞ்சுடும்.

மண்ணு எடையும் ஏமாத்தும். 10 லிட்டர் பக்கெட் ஈர மண்ண எடை போட்டேன், 17 கிலோ. பெட்டிய விளிம்பு வரைக்கும் நெரப்பினா 1.8 கன மீட்டர், அதாவது மூணு டன். அதனால உள்ளுக்குள்ள 26 செ.மீ உயரத்துல சுத்திலும் மஞ்சள் கோடு போட்டுட்டேன், ஈர மண்ணுன்னா கோட்டுக்கு மேல ஒரு மண்வெட்டி கூட கெடையாது.

போன வார டெஸ்ட்ல ஆரம்பத்துல 125 பார், பாடி எழும்ப எழும்ப முள்ளு இறங்கி 45 டிகிரி கிட்ட 60க்கு வந்துச்சு, அந்த நேரத்துலதான் மண்ணு ஒரே தடவைல வழுக்குச்சு. மொத்தமா அரை நிமிஷம் சொச்சம். இன்னும் பின்பக்கக் கதவு கொக்கி, லைட் வயரிங், பெயிண்ட் பாக்கி இருக்கு. முதல் லோடு ஏத்தறதுக்கு முன்னாடி புது பிராக்கெட்லேர்ந்து மெயின் சேனல் வரைக்கும் ரெண்டு பக்கமும் சாக்பீஸ்ல நேர்கோடு போட்டு வச்சிருந்தேன், சட்டம் துளி திருகினாலும் கோடு முறிஞ்சு காட்டிக் குடுத்துடும்னு. இதுவரைக்கும் 11 லோடு ஆச்சு, இன்னைக்கு காலைல முட்டு குடுத்துட்டு கீழ படுத்துப் பாத்தேன், ரெண்டு கோடும் நேரா இருக்கு.