பழைய கார் ஏர்கோன்: கேஸை மட்டும் மாற்றினால் கம்ப்ரஸர் போய்விடும்

1990களின் தொடக்கம் வரை வந்த கார்களின் ஏர்கோன் பெரும்பாலும் ஆர்-12 கேஸுக்காகச் செய்யப்பட்டது. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் அந்த கேஸை 1987 மொன்ட்ரியல் ஒப்பந்தம் ஓரங்கட்டியது. இன்று கோலாலம்பூர்ப் பட்டறைகளில் பழைய கார்களுக்குப் பெரும்பாலும் நிரப்பப்படுவது ஆர்-134ஏதான். பழைய காரில் அதை அப்படியே ஏற்றிவிட்டால் முதல் வாரம் ஜில்லென்றுதான் இருக்கும். கேடு உள்ளே எண்ணெயில் தொடங்கியிருக்கும்.

கம்ப்ரஸர் தேயாமல் காக்கும் மினரல் எண்ணெய், ஆர்-12 கேஸோடு நன்றாகக் கலந்து சுற்றிவரும். ஆர்-134ஏயில் அது கலக்காது. எண்ணெய் கூலிங் காயிலில் தங்கிவிட, கம்ப்ரஸர் வறண்டு ஓடி இறுகும். அப்போது உதிரும் உலோகப் பொடி, காரின் முன்னால் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர்வரை போய் அடைக்கும். ஆகவே கம்ப்ரஸரைக் கழற்றிக் கவிழ்த்து, கிளட்ச் மையத்தைக் கையால் சுற்றிச் சுற்றி எண்ணெயை வடியுங்கள். குழாய்களையும் காயிலையும் ஃபிளஷ் செய்து நைட்ரஜனால் ஊதுங்கள். பட்டறையின் ஏர் கம்ப்ரஸர் காற்று வேண்டாம், அதில் ஈரம் இருக்கும். பிறகு ஆர்-134ஏயில் கலக்கும் செயற்கை எண்ணெயான எஸ்டர். பிஏஜி என்ற இன்னொரு செயற்கை எண்ணெயும் ஓடும். ஆனால் எங்காவது ஒட்டியிருக்கும் மினரல் எண்ணெயை எஸ்டர்தான் அதிகம் பொறுத்துக்கொள்ளும் என்பதால் என் ஓட்டு அதற்கே. இரண்டுமே ஈரத்தை உறிஞ்சும். நம்மூர் மழைக்கால மாலையில் டின்னைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகக்கூடாது.

கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குப்பியான ரிசீவர் டிரையரைக் கட்டாயம் மாற்ற வேண்டும். பழையதில் உள்ள எக்ஸ்ஹெச்-5 ஈர உறிஞ்சி புதிய கேஸுக்கு ஒத்துவராது. எக்ஸ்ஹெச்-7 அல்லது எக்ஸ்ஹெச்-9 உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கழற்றிய பழைய ஓ-ரிங் ஒன்றை விரல்களுக்கிடையில் வைத்துப் பாருங்கள். வட்டமாக இருந்த ரப்பர் இருபுறமும் சப்பையாகி, வளைத்தால் வெடிக்கும். எச்என்பிஆர் ரப்பர் வகைப் புதிய ரிங்குகளில் எண்ணெய் தடவிப் பொருத்துங்கள். ஆர்-134ஏயின் மூலக்கூறு சிறியது. பழைய ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவே மெல்லக் கசியும், முடிந்தால் உள்ளே கசிவுத் தடுப்புப் படலம் உள்ள பேரியர் ஹோஸ் போடுங்கள்.

பலர் காசு மிச்சம் பிடிப்பது கண்டென்சரில். அங்கேதான் தோற்கிறார்கள். 60 டிகிரியில் ஆர்-134ஏயின் அழுத்தம் ஆர்-12ஐவிட ஏறக்குறைய 10 விழுக்காடு அதிகம். ஃபெடரல் நெடுஞ்சாலையில் மதியம் 2 மணிக்கு ஜேமில் நிற்கும்போது முன்னால் காற்றே வராது. பழைய பாம்பு வளைவுக் கண்டென்சர் அந்தச் சூட்டை வெளியேற்றத் திணறும். பல இணைக் குழாய்கள் கொண்ட பேரலல் ஃப்ளோ கண்டென்சரும் கூடுதல் விசிறியும் போட்டால்தான் நின்றபடியே குளிரும். உயர் அழுத்தத்தில் கிளட்ச்சை வெட்டிவிடும் சுவிட்ச் இல்லாத கார்களில் அதையும் சேர்த்துவிடுங்கள்.

பழைய ஆர்-12 மிச்சம் இருந்தால், எதையும் கழற்றும் முன்பே மீட்பு இயந்திரத்தில் எடுக்கச் சொல்லுங்கள். காற்றில் விடுவது தவறு, புதிய கேஸோடு கலந்தாலோ அழுத்தம் ஏறும். எல்லாம் பூட்டிய பிறகு வேக்குவம் பம்ப்பால் 29 அங்குலப் பாதரச அளவுக்கு இறக்கி 45 நிமிடம் ஓடட்டும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 25 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், நம்மூர் வெயில் இதற்கு உதவி. பம்ப்பை நிறுத்தி அரைமணி நேரம் முள்ளைக் கவனியுங்கள். ஏறினால் கசிவு தேட வேண்டும், அல்லது உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

கேஸைத் தராசில் எடைபோட்டு ஏற்றுங்கள். ஸ்டிக்கரில் ஆர்-12 800 கிராம் என்றிருந்தால் ஆர்-134ஏ 640 முதல் 720 கிராம் வரை. கண்ணாடித் துளையில் குமிழி மறையும்வரை ஏற்றுவது ஆர்-12 காலத்துப் பழக்கம். இதில் அப்படிச் செய்தால் கேஸ் மிகையாகும். இன்ஜின் ஓடும்போது கேஸ் டின்னைத் தாழ்வழுத்தப் பக்கம் மட்டும் இணைத்து, நிமிர்த்தியே பிடியுங்கள். உயர்வழுத்த வால்வைத் திறந்தால் டின் வெடிக்கக்கூடும்.

இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்றில், வெளியே 32 டிகிரி இருக்கையில், தாழ்வழுத்தம் 30 முதல் 40 பிஎஸ்ஐ, உயர்வழுத்தம் 200 முதல் 250 வரை காட்டினால் சரி. 300ஐத் தாண்டினால் முதலில் கண்டென்சர் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே இறங்கினால் குறை விசிறிக் காற்றில். இறங்காவிட்டால் கேஸ் அதிகம், அல்லது உள்ளே காற்று கலந்திருக்கிறது.