ஒரு ‘தௌ’ல போச்சு – க்ரிப்டிக் கிராஸ்வேர்ட் போட்டிக்கு ரெடி ஆகுறவங்களுக்கு

நேத்து ராத்திரி லிஸ்ட் வந்துச்சு, அடுத்த ரவுண்டுல நான் இல்ல. (புதுசா வர்றவங்களுக்கு: க்ரிப்டிக் க்ளூல ஒரு ஓரத்துல பதிலோட அர்த்தம் இருக்கும், மிச்சம் அந்தப் பதில துண்டு துண்டா கட்டுற வார்த்தை விளையாட்டு.) 30 க்ளூல 29 போட்டுட்டேன், அந்த மிச்சம் ஒண்ணு இதுதான்: “யூ ஒன்ஸ் வித் பீச் மெட்டீரியல்? கிராண்ட்”, 8 எழுத்து. கைல இருந்தது கடைசி ‘டி’ மட்டும். ‘யூ ஒன்ஸ்’னதும் என் மண்டைல ‘யீ’னு ஒட்டிக்கிச்சு, ஒய்-ஈல ஆரம்பிக்கிற வார்த்தைய 11 நிமிஷம் தேடினேன், சப்மிட் பண்ணிட்டு தண்ணி குடிக்க எந்திரிக்கிறேன், பளிச்னு வருது. தௌ, அதாவது பழைய ‘யூ’, கூட பீச் மணலுக்கு சேண்ட், தௌசண்ட். கிராண்ட்னா ஆயிரம். அடச்சே.

அதனால நான் சொல்றது இதுதான், பழைய இங்கிலீஷ் வார்த்தைய லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணாதீங்க, நான் நோட்டுல 200 எழுதி வெச்சிருந்தேன், அதுல தௌவும் இருந்துச்சு! சிக்னல் வார்த்தைய பிடிங்க. ஒன்ஸ், ஓல்ட், ஃபார்மர்லி, ‘ஃபார் போயட்’, ‘ஷேக்ஸ்பியர்ஸ்’ இப்படி எதாவது பக்கத்துல நின்னா, உள்ள ஒரு தாத்தா வார்த்தை உக்காந்திருக்கும். ஆனா ‘ஓல்ட்’ல உஷார், சில நேரம் அது வெறும் ‘ஓ’ எழுத்து, இல்ல ‘எக்ஸ்’.

தௌ, தீ, தை எல்லாம் குழப்பினா தமிழ்ல வெச்சுப் பாருங்க. தௌ = நீ, தீ = உன்னை, தை = உன், யீ = நீங்க. நம்மகிட்ட இன்னும் இருக்கு, அவங்கதான் தொலைச்சுட்டு எல்லாத்துக்கும் ‘யூ’ன்னு ஓட்டுறாங்க. (‘யீ ஓல்ட்’னு கடை போர்டுல வர்றது வேற கதை, அது ‘தி’தான், ‘த’ சத்தத்துக்கு இருந்த ‘தார்ன்’ங்கிற பழைய எழுத்து ஒய் மாதிரி ஆகிப்போனதால வந்த வினை.)

இந்த வார்த்தைங்க சாகாம இருக்கக் காரணம் கட்டம்தான். அமெரிக்க கட்டத்துல ஒவ்வொரு எழுத்தும் குறுக்கயும் நெடுக்கயும் சேரணும், அதனால உயிரெழுத்து நிறைஞ்ச குட்டி வார்த்தைங்க இல்லாம புதிர உருவாக்குற செட்டருக்கு வேலை ஆகாது. 1913 டிசம்பர் 21ல பத்திரிகைக்காரர் ஆர்தர் வின் போட்ட, உலகத்தோட முதல் கிராஸ்வேர்ட்லயே முஷ்டிக்கு ‘நீஃப்’னு ஒரு வார்த்தை, அப்பவே பெரும்பாலானவங்க பேசாதது. நம்ம எழுதுற பிரிட்டிஷ் ஸ்டைல்ல இதுங்க பதிலா வர்றது கம்மி, பதிலுக்குள்ள செங்கல்லா வரும். ‘ஸ்டிக் நோட்டீஸ், ஹாட் பிஃபோர்’: நோட்டீஸ் ஏ-டி, ஹாட் எச், பிஃபோர் ‘ஏர்’, அதாவது இ-ஆர்-இ. சேத்தா அட்ஹியர், ஸ்டிக்னா ஒட்டிக்கிறது, அதுதான் அர்த்தம்.

அடிக்கடி வர்றது:
- ஈக்: ‘அதுவும்கூட’ன்னு, ‘ஆல்ஸோ’ அர்த்தம். நிக்நேம்ங்கிறதே ‘அன் ஈக்நேம்’ல இருந்து பிரிச்ச இடம் மாறி வந்ததுதான்
- எர்ஸ்ட்: முன்னாடி
- எல்ட்: முதுமை
- எஸ்னி: ஆங்கிலோ-சாக்ஸன் காலத்து அடிமை
- இட்: செக்ஸ் அப்பீல். 1920கள்ல ஓடின ஸ்லாங், புதிர்ல மட்டும் இன்னும் இளமையா இருக்கு

டிக்ஷனரி சேம்பர்ஸ் போதும், ஸ்பென்ஸர், மில்டன்னு பழைய கவிஞர்கள் காலத்து வார்த்தைய எல்லாம் தூக்கிப் போடாம வெச்சிருக்காங்க. காலைல காப்பியோட ரெண்டு பக்கம், எனக்கு அது பிடிக்கும், உங்களுக்கு போர் அடிச்சா பழைய புதிர் போடுங்க, வேற வழி எனக்குத் தெரியாது.

லிஸ்ட்ல விட்டுட்டேன், ‘அனான்’. அனானிமஸ்னும் வரும், பழைய ‘சூன்’னும் வரும். முதல்ல அதுக்கு ‘உடனே’ன்னுதான் அர்த்தமாம், சொல்லிச் சொல்லியே ‘கொஞ்ச நேரத்துல’ன்னு தேஞ்சு போச்சு. எங்க தெரு பிளம்பர் சொல்ற “இதோ வந்துட்டேன் சார்” மாதிரி.