கட்டுப் பிரித்த பிறகு

ஜூன் 11
விரல் போன தம்பி கையின் கட்டைப் பிரித்தார்கள். நான் பார்த்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூன் 12
தூக்கம் வரவில்லை. தம்பி வலது கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து போனில் படித்துக்கொண்டே இருந்தேன். ஆக்சலாட்டல். மெக்சிகோவின் சோச்சிமில்கோ ஏரிக் கால்வாய்களில் வாழும் சாலமண்டர். பார்க்கப் பல்லி மாதிரி, ஆனால் தவளைக்குச் சொந்தம். காலை வெட்டினால் ஒரு நாளுக்குள் தோல் செல்கள் நகர்ந்து வந்து காயத்தை மூடிவிடுகின்றன. அந்தத் தோல் தடித்து, அடியில் உள்ள செல்களைத் தூண்டுகிறது. முனையில் ஒரு மொட்டு திரள்கிறது. அதற்கு பிளாஸ்டிமா என்று பேர். எலும்பு, தசை, நரம்பு, விரல் எல்லாம் அங்கிருந்தே, தழும்பு இல்லாமல்.

தழும்பு இல்லாமல்!

ஜூன் 15
"பல்லிக்கு வால் முளைக்குது. எம் புள்ளைக்கு ஒரு விரல் முளைக்கக்கூடாதா?" என்றாள் அம்மா. பல்லிக்கும் பழைய வால் திரும்புவதில்லை. முள்ளெலும்பு இருந்த இடத்தில் வெறும் குருத்தெலும்புக் குழாய்தான் வருகிறது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? புளி கரைத்துக்கொண்டிருந்தவளிடம் உப்பை எடுத்துக் கொடுத்தேன்.

ஜூன் 18
தம்பி வேலை பார்க்கும் பட்டறையிலிருந்து இன்னும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஜூன் 21
"நல்லா ஆறிட்டு வருது" என்றார் டாக்டர். அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆறுகிறது என்றால் தழும்பு மூடுகிறது. மூடிவிட்டால் அவ்வளவுதான்.

2013-இல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது. ஆக்சலாட்டலின் ரத்தத்திலும் திசுவிலும் இருக்கிற மேக்ரோபேஜ் என்கிற விழுங்கு செல்களை மருந்தால் அழித்துவிட்டு, பிறகு காலை வெட்டினார்கள். கால் முளைக்கவில்லை. நமக்கு வருவதுபோல் தழும்புதான் வந்தது. அந்தச் செல்கள் திரும்பிய பின் அதே முனையை மறுபடி வெட்டியதும் கால் முளைத்தது. அப்படியானால் அதன் உடம்புக்கும் தழும்பு போடத் தெரியும். நம் உடம்பில் எதுவோ அவசரப்படுகிறது. கிருமி உள்ளே போய்விடக் கூடாதே என்று காயத்தை இழுத்து அடைத்துவிடுகிறது. அதைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அது இல்லாவிட்டால் அந்த முதல் வாரமே இவன் எங்களுக்கு இல்லை.

ஜூன் 24
"அக்கா, ஆள்காட்டி விரல் அரிக்குது."
இல்லாத விரல். நான் அடுப்படிக்குப் போய் நின்றுவிட்டேன்.

சாலமண்டரில் அந்தக் காலுக்குப் போகும் நரம்பை அறுத்துவிட்டால் மொட்டு வளராது. இவனுக்கு நரம்பு இருக்கிறது, அரிக்கவும் செய்கிறது.

ஜூன் 29
ஏற்காட்டில் அத்தை வீடு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் கையை நெஞ்சோடு அணைத்தபடியே வந்தான். காப்பித் தோட்டத்துக் குட்டையில் தலைப்பிரட்டைகள். அத்தை பேரன் ஒன்றைக் கையில் அள்ளினான். பின்கால் முளைவிட்டிருந்தது, கடுகளவு. அந்தப் பருவத்தில் கால் போனால் தலைப்பிரட்டைக்குத் திரும்ப வரும். தவளையாக மாற மாற அந்தச் சக்தி போய்விடும். "டேய், விடுடா அதை" என்று கத்திவிட்டேன். பாவம், குழந்தை பயந்துவிட்டான்.

இந்த மலையில் சாலமண்டர் கிடையாது. டார்ஜிலிங் பக்கம் போனால்தான் உண்டு.

ஜூலை 2
1974-இல் ஷெஃபீல்டில் இல்லிங்வர்த் என்ற டாக்டர் எழுதியிருக்கிறார்: சின்னக் குழந்தைகளுக்கு விரல் நுனி துண்டானால், தையல் போடாமல் கட்டு மட்டும் போட்டு விட்டால் நுனி வளர்ந்துவிடுகிறது, நகத்தோடு. கடைசி மூட்டுக்கு அப்பால், நுனிப் பக்கமாகத் துண்டாகியிருக்க வேண்டும்.

இவனுக்கு நடு மூட்டே போய்விட்டது. வயது இருபத்தாறு.

ஜூலை 5
இதை விட முடியவில்லை. ஆக்சலாட்டலின் முன்காலை மணிக்கட்டில் வெட்டினால் மணிக்கட்டுக்குக் கீழே உள்ளது மட்டும் வருகிறது. தோளில் வெட்டினால் முழுக் கையும். எது போயிற்று என்று மீந்திருக்கும் செல்லுக்குத் தெரிந்திருக்கிறது. வைட்டமின் ஏ வகை மருந்தைக் கொடுத்தால் அந்தக் கணக்கு குழம்பி, மணிக்கட்டிலிருந்தே மேல்கை, முழங்கை எல்லாம் முளைக்கிறது. 1982-இல் மேடன் என்ற ஆராய்ச்சியாளர் காட்டியது. நள்ளிரவு வரை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 6
மழை. கரண்ட் இல்லை.

ஜூலை 9
தம்பி இடது கையில் சாவணம் பிடித்துப் பார்த்தான். கொலுசு வளையம் ஒன்றைக் கோக்க முயன்றான். நழுவியது, மறுபடி எடுத்தான். இரண்டு வளையம் கோத்துவிட்டான்! பற்ற வைப்பதற்கு யாராவது ஊதிக் கொடுத்தால் போதும் என்கிறான். நாளைக்கு செவ்வாய்ப்பேட்டை போய்க் கொஞ்சம் வெள்ளிக் கம்பி வாங்க வேண்டும். மெல்லிசாக வேண்டுமாம், அப்புறம்