நெகட்டிவின் அளவே படத்தின் அளவு

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் கலிஃபோர்னியாவில் எடுத்த குடைமிளகாய்ப் படங்களில் புகழ்பெற்ற 30-ஆம் எண் படம், 8×10 அங்குல நெகட்டிவிலிருந்து அதே அளவில் அச்சிடப்பட்டது. நெகட்டிவை லென்ஸ் வழியே பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் என்லார்ஜர் கருவிக்கு அங்கே வேலையே இல்லை. நெகட்டிவின் ஒளியுணர் பூச்சுள்ள பக்கம் தாளின் பூச்சுள்ள பக்கத்தைத் தொடும்படி சட்டத்துக்குள் வைத்து, கண்ணாடியால் இறுக்கி, மேலே தொங்கும் சாதாரண மின்விளக்கை எரியவிட்டுத்தான் அவர் அச்சிட்டார். இடையில் லென்ஸ் குறுக்கிடாததால், மிளகாயின் வளைவில் வழியும் மினுமினுப்பு முதல் மடிப்புக்குள் இறங்கும் கருமை வரை எல்லாம் சிதையாமல் தாளுக்கு வந்துவிடுகின்றன.

படத்தின் அளவைக் கேமராவே முடிவு செய்துவிடுவதுதான் இந்தத் தொடுமுறை அச்சின் கெடுபிடி. 4×5 அங்குல அச்சு கையில் வைத்துப் பார்க்க அழகானது. சுவரில் மாட்ட, என் கண்ணுக்குப் போதாது. 8×10 அதைப்போல் நான்கு மடங்கு பரப்புடையது. ஆனால் அதற்கு இயல்பான லென்ஸின் குவியத் தூரம் சுமார் 300 மி.மீ. என்பதால் முன்னும் பின்னும் தெளிவாக விழும் ஆழம் குறைகிறது, அதை மீட்க லென்ஸின் துளையை எஃப் 45, எஃப் 64 என்று (எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) சுருக்கினால் ஒளி விழவேண்டிய நேரம் நீள்கிறது. (வெஸ்டனும் ஆன்ஸல் ஆடம்ஸும் பிற புகைப்படக்காரர்களும் சேர்ந்து 1932-இல் தொடங்கிய குழு எஃப் 64 என்பதையே பெயராகக் கொண்டது.)

மெக்சிகோவில் இருந்தபோது வெஸ்டன், கிராஃப்ளெக்ஸ் என்ற கேமராவில் எடுத்த சிறிய நெகட்டிவ்களை முதலில் பெரிய நெகட்டிவ்களாக மாற்றி, அதன்பின்பே பிளாட்டினம், பல்லேடியம் உப்புகள் பூசிய தாள்களில் தொடுமுறையில் அச்சிட்டார். அத்தாள்கள் ஒளியை மிக மெதுவாக ஏற்பவை என்பதால் என்லார்ஜரின் மங்கலான ஒளி அவற்றுக்குப் பற்றாது.